திரையில் மேய்ந்த ஆடு

எனக்குப் பதினோரு வயது ஆகும்வரை எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலண்டர் ஒரு ஜன்னல் கம்பியில் தொங்கியது, அப்பாவின் சட்டை இன்னொரு ஜன்னல் கம்பியில். சாமி படங்கள் தரையில் ஒரு பலகை மேல் சுவரில் சாய்ந்து நின்றன. வீட்டுக்குள் கொடி கட்ட வழியில்லாததால், ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிச் சீருடை மூன்று நாளைக்கு ஈரமாகவே இருக்கும். ஒரே ஒரு ஆணி, துணிக்கொடிக்கு ஒரு முனையாவது ஆகட்டும் என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. திருத்துறைப்பூண்டியிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத் தூரத்தில், வாய்க்கால் ஓரமாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருபது வீடுகள். இடத்துக்குப் பட்டாவும் அரசாங்கம் கொடுத்ததுதான். அந்தப் பட்டாவை அப்பா பாலித்தீன் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் அச்சடித்திருக்கும். விற்கக் கூடாது, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று போகும். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார், பின்பக்கத்தை மட்டும் மூச்சு விடாமல் சொல்வார்.

அந்தப் பின்பக்கத்தை அவர் பட்டாவோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அரசாங்கம் கொடுத்த எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்திவிட்டார். கலர் டிவி வந்தது. அதில் எல்லோர் முகமும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்ததுபோலத் தெரியும். ரிமோட்டில் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உண்டு. தொடக்கூடாது என்றுவிட்டார். சினிமாவில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நிறம்தான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு டிவியைப் பார்க்கும்வரை. இந்தப் பொட்டியில எல்லாருக்கும் மஞ்சக்காமாலை என்று அம்மா சொல்வாள். மின்விசிறி வந்தது. மாட்டிக் கொடுத்தவர் வேகத்தை இரண்டில் வைத்துவிட்டுப் போனார். சித்திரை வெயிலிலும் அது இரண்டிலேயே சுற்றியது.

"எப்புடிக் குடுத்தாங்களோ அப்புடியே இருக்கட்டும்" என்பதுதான் அப்பா இதற்கெல்லாம் சொல்கிற ஒரே பதில்.

அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு மடிக்கணினி வந்தது. அடேயப்பா, அது வீட்டுக்கு வந்த அன்று எங்கள் தெருவே வாசலில் நின்றது. அப்பா கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் தொடாமல் சுற்றிலும் பார்த்தார். திறந்தால் திரையில் அரசாங்கமே வைத்துக் கொடுத்த ஒரு படம். அதன் மேல் ஓரமாகச் சின்னச் சின்னப் படங்கள் நாலைந்து. அண்ணன் அவற்றில் ஒன்றை விரலால் இழுத்து இந்தப் பக்கம் வைத்தான். அப்பா பதறிப்போய் முன்பு இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அதன் கடிகாரம் எந்த ஊர் நேரத்தையோ காட்டியது, நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கி. அண்ணன் நல்ல பிள்ளை, அதையும் மாற்றவில்லை. மணி பார்க்க வேண்டும் என்றால் மனசுக்குள் ஐந்தரையைக் கூட்டிக்கொள்வான். கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நான் அவனைக் கிண்டல் செய்வதுண்டு.

இப்படி ஒரு வீட்டுக்குள் எங்கள் மாமா வந்தார் என்றால் கேட்கவே வேண்டாம். மாமா, அம்மாவின் தம்பி. திருத்துறைப்பூண்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கையில் கிடைத்த எதையும் கிடைத்தபடி வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அவருடைய பைக்கில் மூன்று ஹாரன், கைப்பிடியில் குஞ்சம், சக்கரத்தில் நீல விளக்கு. பின்னால் போக கியரே இல்லாத அந்த வண்டியில், பின்னால் வருகிறது வழி விடுங்கள் என்று பாடுகிற ஒரு மணியும் வாங்கிப் பொருத்தியிருந்தார். கைபேசியும் அப்படித்தான். அது ஒருநாள் சேவலாகக் கூவும், மறுநாள் குழந்தையாக அழும்.

பொங்கலுக்கு வந்த மாமா மடிக்கணினியைத் திறந்து பார்த்து, உச்சுக் கொட்டினார். மொட்டையடிச்ச மாதிரி இருக்கே என்றார். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அதற்குள் என்ன இல்லை என்கிறீர்கள்? சுட்டும் அம்பைப் பட்டாம்பூச்சியாக்குவது, மணியடித்து நேரம் சொல்வது, மூடும்போது வணக்கம் சொல்வது, கோப்பு வைக்கும் பெட்டிகளுக்கு வண்ணம் பூசுவது. எல்லாம் ஓசியில் கிடைப்பவை, மேலே ஏற்றிக்கொண்டால் போதும் என்றார். ஆனால் ஏற்றுவதற்குள் அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். மாமா பவ்யமாக மூடி வைத்துவிட்டுக் கரும்பைக் கடிக்க ஆரம்பித்தார். கிளம்பும் அவசரத்தில் பென் டிரைவை மறந்துவிட்டுப் போனார்.

அதை எடுத்தது நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் தூண்டிவிடவில்லை. தை மாதக் கடைசி, சம்பா அறுப்பு. அப்பாவும் அம்மாவும் வயலில், அண்ணன் பள்ளிக்கூடத்தில், எனக்கோ காய்ச்சல் என்று லீவு. பென் டிரைவில் ஒரு ஆட்டின் படம் இருந்தது. அதைத் தட்டினேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. சம்மதம் என்று தட்டினேன். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினேன். அது கேட்கக் கேட்க நான் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆடு வந்தது. நிஜமாகவே வந்தது. திரையின் வலது ஓரத்திலிருந்து நடந்து வந்து, நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. கீழே இருக்கிற பட்டையின் மேல் வரப்பில் நடப்பதுபோல நடந்தது. சின்னப் படங்களை முகர்ந்து பார்த்து மென்றது. மேலேறித் தடுமாறி விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல எழுந்து நின்று மே என்றது. நான் கைதட்டிச் சிரித்தேன். எனக்கு வெகுநாளாக ஒரு ஆட்டுக்குட்டி வேண்டும். கட்ட இடமில்லை என்று அப்பா மறுத்துக்கொண்டே இருந்தார். இந்த ஆட்டுக்குக் கட்ட இடம் வேண்டாம், தழை வேண்டாம், மழையில் நனையாது. கருங்காதி என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தேன்.

சந்தோஷத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஆட்டோடு கூட அது மேய ஒரு புல்வெளியும் வந்து திரை முழுக்கப் படர்ந்திருந்தது. அரசாங்கம் வைத்துக் கொடுத்த படத்தைக் காணவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் ஒரு செய்தியோடு மடிக்கணினியை வெளியே எடுத்தான். திங்கட்கிழமை எல்லா மாணவர்களும் மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டுமாம், சரிபார்க்கப் போகிறார்களாம், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சரிபார்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தார். அண்ணன் திறந்தான். கருங்காதி குதித்து வந்து மே என்றது.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் வெளிறிப்போய்விட்டது. "அந்தப் படம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் மாமாவின் பென் டிரைவை எடுத்துக் காட்டினேன். அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்தான். அணைத்துப் போட்டால் ஆடு மறுபடி வந்தது. அதை நீக்கப் போனால் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு, கடைசியில் இன்னொரு ஆடு வந்தது. இப்போது இரண்டும் மேய்ந்தன. வேறு சமயமாக இருந்தால் நான் குதித்திருப்பேன். அம்மா, போனால் போகட்டும், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள், வாத்தியார் என்ன தின்றுவிடுவாரா என்றாள். அப்பா அவளைப் பார்க்காமல், "இது போனா இதோட நிக்காது" என்றார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

மடிக்கணினியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதைத் தாசில்தாருக்கு எழுதுவார்கள், தாசில்தார் பட்டாவைத் திரும்ப வாங்கிக்கொள்வார், வீடு போய்விடும், எல்லாம் நான் சம்மதம் சம்மதம் என்று தட்டியதால்தான் என்று எனக்குள் ஒரே ஓட்டமாக ஓடியது. கஞ்சி இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அப்பா அறுப்பு வேலையை விட்டுவிட்டு, மடிக்கணினியைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாமாவின் சென்டருக்குப் போனார். வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள், ரோட்டில் காய்கிற நெல். அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா ஆடுகளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். என் மருமவ கெட்டிக்காரி என்றார். அப்பா சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"எப்புடிக் குடுத்தாங்களோ அப்புடியே ஆக்கிக் குடு மாப்ள" என்றார் அப்பா. மாமாவிடம் அவர் ஒன்றைக் கேட்டு நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மாமா முதலில் வாதாடினார். ஆட்டை மட்டும் எடுத்துவிடலாம், மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இதற்குள் எவ்வளவோ போட்டுக்கொள்ளலாம், சும்மா வைத்திருந்து என்ன பயன் என்றார். கடைசியில், "குடுத்துட்டாங்க மச்சான். இனிமே அது நம்ம பொருளு. நாம என்ன வேணா பண்ணிக்கலாம்" என்றார்.

"எடமும் குடுத்துட்டாங்கன்னுதான் எங்கப்பா நெனைச்சாரு" என்றார் அப்பா.

பிறகு நின்றபடியே சொன்னார். யாரிடமோ சொல்வதுபோல வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்போது அவருக்கு ஏழு வயது. அவருடைய அப்பா பண்ணையாள். குடிசை பண்ணையாரின் கொல்லையோரத்தில் இருந்தது. பசு கன்று போட்ட நேரம் அடைமழை. கன்று நனைகிறதே என்று குடிசையின் ஒரு பக்கமாக நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கினாராம். மறுநாள் பண்ணையின் காரியக்காரர் ஆட்களோடு வந்தாராம். இருக்கத்தான் இடம் கொடுத்தது, இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ள இல்லை என்றாராம். சாய்ப்பை மட்டும் பிரித்தார்களா என்றால் இல்லை, குடிசையையே பிரித்துப் போட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க வாய்க்கால் கரையில் அடுப்பு மூட்டிச் சோறு தின்றோம் என்று முடித்தார். கன்று என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அப்பா மடிக்கணினியை மாமாவின் பக்கம் நகர்த்தினார்.

மாமா ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கணினியை உயிர்ப்பித்தார். எல்லாவற்றையும் அழித்து, முதல் நாள் எப்படி வந்ததோ அப்படியே ஆக்குகிற வேலை. ஒன்றரை மணி நேரம் ஆனது. நாற்காலி போட்டும் அப்பா உட்காரவில்லை, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார். கடைசியில் அந்தப் படம் வந்தது. சின்னப் படங்கள் பழைய இடத்தில் வந்தன. கடிகாரம்கூட ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது. அப்பா பெருமூச்சு விட்டார். நான் அழுதேன். வீடு பிழைத்தது என்ற சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது, ஆனால் கருங்காதி போய்விட்டதே. வழியில் அப்பா வாங்கித் தந்த பன்னைச் சாப்பிட மாட்டேன் என்று வீம்பாகக் கையில் வைத்திருந்து, வாய்க்கால் மதகு வந்ததும் தின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை. நானும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. வேப்பமரத்தடியில் மேசை போட்டு வாத்தியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ப்ளஸ் டூ அண்ணன்கள், அக்காக்கள், அவர்களின் வீட்டார் எல்லோரும் வரிசையில். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய் நான் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்திருந்தார். அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை.

வரிசையில் முன்னால் இருந்தவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் பிளந்துகொண்டது. ஒரு அக்கா தன்னுடைய மடிக்கணினியின் மூடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டால் கோலம் போட்டிருந்தாள். ஒருவன் நகப்பாலிஷில் தன் பெயரை எழுதியிருந்தான். இன்னொருவன் திறந்து வைத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு கிரிக்கெட் வீரர், அம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பந்து. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவர்களுக்கெல்லாம் இன்றைக்கு என்ன ஆகப்போகிறதோ என்று அவர் பரிதாபப்படுவது முகத்திலேயே தெரிந்தது.

வாத்தியார் ஸ்டிக்கர் பொட்டு மடிக்கணினியை வாங்கினார். கவிழ்த்தார். அடியில் இருந்த எண்ணைப் பார்த்து நோட்டில் டிக் அடித்தார். கொடுத்துவிட்டார். நகப்பாலிஷையும் அப்படியே. கிரிக்கெட்டையும் அப்படியே. எங்கள் முறை வந்தது. கவிழ்த்தார், டிக் அடித்தார், கையெழுத்துப் போடுங்க என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். ஆனால் நகரவில்லை.

"தொறந்து பாக்கலிங்களா ஐயா?"

"எதுக்குங்க? நம்பர் சரியா இருந்தாப் போதும்."

"உள்ள ஏதாச்சும் மாத்தியிருந்தா?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று நினைத்திருப்பார் போல. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தணிந்த குரலில், "உங்க புள்ளைக்குக் குடுத்தாச்சுங்க. உங்களுதுதான். என்ன வேணா வச்சுக்குங்க" என்றார்.

அப்பா தலையாட்டினார். வரிசையை விட்டு விலகி வந்தும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. வேப்பமரத்து நிழலில் நின்று, கடைசி மடிக்கணினி கைக்குத் திரும்பிவரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். அண்ணன்தான் பிறகு சொன்னான்.

நான்கு நாள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை டங் டங்கென்று ஒரு சத்தம். அம்மா கரண்டியும் கையுமாக அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள். வீட்டின் மேற்குச் சுவரில், வெளிப்பக்கம், அப்பா ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே நாலு மூங்கில், ஒரு கட்டுத் தென்னங்கீற்று. அம்மா உள்ளே போய் இன்னும் இரண்டு ஆணி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே உள்ளே கொடிக்கும் ஒன்று என்றாள். அன்று மாலை ரிமோட்டை எடுத்து டிவியில் நிறத்தையும் குறைத்துவிட்டாள். செய்தி வாசிப்பவருக்கு முதல் தடவையாக மனித நிறம் வந்தது. அப்பா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

சாய்ப்பு முடிந்ததும் சந்தைக்குப் போய் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவந்தார். வெள்ளைக் குட்டி. ஒரு காது கறுப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். இரண்டு காதும் வெள்ளையாகத்தான் கிடைத்தது என்றார். பரவாயில்லை என்று நானே அதற்குக் கருங்காதி என்று பெயர் வைத்துவிட்டேன். நான் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அப்பா எனக்காக ஆடும் வாங்கி அதற்கு வீடும் கட்டினார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இப்போது கணினியோடுதான் என் பிழைப்பு. அலுவலகத்தில் புதிதாக ஒன்று கொடுத்தால் அன்றைக்கே அதைத் தலைகீழாக மாற்றிவிடுவேன். மாற்றும்போதெல்லாம் அந்தச் சாய்ப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆடு வந்த முதல் வாரம் முழுக்க, வேலை இல்லாத நேரமெல்லாம் அப்பா அந்தச் சாய்ப்பின் கீழேயே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குக் காவல் என்று நினைத்தேன். ஒருநாள், ஊரில் பட்டா விவகாரமெல்லாம் பார்க்கிற வி.ஏ.ஓ.வின் பைக் எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா சட்டென்று எழுந்து நின்றார். ஒரு கை மூங்கிலைப் பிடித்திருந்தது. வண்டி எங்கள் வீட்டெதிரே வேகம் குறைந்தது. வி.ஏ.ஓ. சாய்ப்பைப் பார்த்தார், உள்ளே தழை தின்றுகொண்டிருந்த குட்டியைப் பார்த்தார்.

"என்ன, ஆடு வாங்கியாச்சா? நல்லா இருக்கே குட்டி" என்றார். போய்விட்டார்.

வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டும்வரை அப்பா நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா வாசல்படியில் வந்து நின்று அவரையே பார்த்தாள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஆட்டை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கே இரண்டு பேருக்கும் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டு, குட்டிக்கு இன்னும் கொஞ்சம் தழை ஒடிக்கப் போனேன்.